நுணல்

பேர்ணில் தை மாதத்து மூன்று மணி.
வெளியே கழித்தல் பதினொன்று.
ஆரே நதியிலிருந்து எழும் ஆவி
பாலத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாகத் தின்கிறது.
உள்ளே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம்,
வாழையின் தூரத்து உறவொன்றின் இலையை
வெறுங்கையால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.
இரவு வேலை. மணிக்கு இருபத்தாறு பிராங்க்.

இந்தக் காட்டில் எல்லாவற்றுக்கும் இலக்கம் உண்டு.
கட்டிப்பிடித்தே மரத்தைக் கொல்லும் அத்திக்கு ஒன்று,
மண்ணைத் தொடாமல் காற்றில் வேர் நனைக்கும் ஆர்க்கிட்டுக்கு ஒன்று,
இலையை வெட்டிச் சுமந்துபோய்
தின்னாமல் அதில் காளான் பயிரிடும் எறும்புகளுக்கு
ஆயிரக்கணக்கில் இருந்தும் மொத்தமாய் ஒன்று.
தவளைக்கு இல்லை.

யாரும் அதை வாங்கவில்லை.
பதினேழு வருடம் முன்பு
ஏதோ ஒரு தொட்டியின் ஈரச் சருகுக்குள்
முட்டையாக வந்திருக்கலாம் என்கிறார் நீடெகர்.
வாலோடு நீந்தும் பருவமே அதற்குக் கிடையாது.
முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி
கடுகளவு காலை உதறிக்கொண்டு வெளியே வருமாம்.
வளர்ந்தாலும் என் கட்டைவிரலின் முதல் கணுவைத் தாண்டாது.
குரல் மட்டும் ஒரு ரயில் நிலையத்துக்குப் போதும்:
கீழே ஒரு சுரம், மேலே ஒரு சுரம்,
விடியும்வரை.

பகல் வேலை செய்யும் கொர்னேலியா சொன்னாள்,
நீயும் இதுவும் ஒன்று, ஒளிந்து வந்தவர்கள்.
நான் விமானத்தில் வந்தேன். ஜன்னலோர இருக்கை.
நீலக் கோப்பில் நான்கு சான்றிதழ்கள்.
தவளையைத் தவளையாக இருக்க விடு என்றேன்.
அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும்.
இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது.
கணக்கெடுக்க வந்தவர் குறித்துக்கொண்டார்.
பங்குனியில், இரவில், குரலைப் பின்தொடர்ந்து
ஒவ்வொன்றாகப் பிடிப்பது என்று முடிவாயிற்று.
குளிர்ப்பெட்டியில் வைப்பார்களாம்.
வலிக்காதாம்.

அந்த மூன்று மணிக்கு வாளியைக் கீழே வைத்தேன்.
வாளி தரையில் படும் ஓசை முழுதாகக் கேட்டது.
அதுதான் பிழை.
இந்த வீட்டில் எந்த ஓசையும் முழுதாகக் கேட்டதில்லை;
அதன் ஓரத்தை எப்போதும்
ஒரு சீழ்க்கை கடித்திருக்கும்.

சுவரில் வெப்பமானி இருபத்து நான்கு என்றது.
நடுநிசியிலும் இருபத்து நான்கு. நேற்றும்.
குழாயைத் தொட்டேன்.
மீன்கடைப் பலகை.

பிறகு எல்லாம் ஓட்டம்.
பைஜாமாவுக்கு மேல் கோட்டு மாட்டி வந்த நீடெகர்,
இரவல் வாங்கிய எரிவாயு அடுப்புகள்.
எறும்புகளைக் கூட்டோடு கூட்ட அறைக்கு மாற்றினோம்.
நீள்மேசையின் தலைமாட்டில் அவற்றின் காளான்
என் மகனின் பனிச்சறுக்கு ஜாக்கெட்டைப் போர்த்தியபடி.
இயக்குநரின் நாற்காலியில் வனிலாக் கொடி.
ஹெலிகோனியாவின் ஓரங்கள் கறுத்துவிட்டன.
நீலப் பட்டாம்பூச்சிகள் பதினொன்று தரையில் கிடந்தன,
மூடிய புத்தகங்கள் போல என்று எழுத வந்தது;
இல்லை, பட்டாம்பூச்சிகள் போலவே
அவை செத்துக் கிடந்தன.

காலையில் படிவம்.
பழுது எவ்வாறு தெரியவந்தது?
உணர்கருவி. எச்சரிக்கை மணி. மற்றவை.
மற்றவைக்குக் கோடிட்டு எழுதினேன்:
கேட்கவில்லை.
ஜெர்மனில் அது ஒரே பொருளோடு நின்றுவிட்டது.
ஏன் கேட்கவில்லை என்று
அவர்களும் கேட்கவில்லை.

பங்குனித் திட்டம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.
தேதியின்மேல் யாரோ காபிக் கோப்பை வைத்த வட்டம்.

ஆறாம் இரவு,
கழிவுநீர்ச் சல்லடைக்கு அடியிலிருந்து
கீழ்ச்சுரம் மட்டும் வந்தது.
மேல்சுரத்துக்காக
துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.
வாயை மூடு என்றேன் அதனிடம், தமிழில்.
கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக,
மற்றதையும் சொல்லிவிட்டு மூடு.